பெயர் சொல்லாமல் மடக்குவது

குள்ளர்களை வைத்து ஆடுகிறவர்களுக்கு அவசரமே ஆகாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோற்றுத் தோற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

அது ஒரு அட்டை விளையாட்டு. கட்டம் போட்ட அட்டைதான் கால்பந்து மைதானம். ஆடுகிறவர்கள் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகள்: ஒரு பக்கம் தாடி வைத்த குள்ளர்கள், இன்னொரு பக்கம் ஒல்லியான நீளக் காதுக்காரர்கள். கால்பந்து என்று பெயர்தானே தவிர, காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். குறுக்கே வருகிறவனை அடித்துக் கீழே தள்ளலாம். விழுந்தானா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். அவர் கொல்லிமலையில், வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எலெக்ட்ரீசியன். பேளுக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த நான், கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மேலே போய்ச் சேர்ந்தேன். அதற்கு முந்தின வருஷம், மழையில் மாட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி லாட்ஜில் பொழுது போகாமல் அவருக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டு, பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பந்து மட்டும் எங்கோ தொலைந்துவிட்டது. அதற்குப் பதில் ஒரு மிளகை வைத்துக்கொண்டோம். அந்த மலையில் மிளகுக்கா பஞ்சம்?

புதுப் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் ஆடினோம். பொம்மைகளுக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டும் என்றார். நான் என் குள்ளர்களுக்கு மரவள்ளி, சாமை, தினை, பலாக்கொட்டை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்தேன். அவர் தன் ஆட்களுக்குச் சித்தப்பா பெயர், மச்சான் பெயர் என்று வைத்துக்கொண்டே வந்து, இருப்பதிலேயே வேகமான ஆளுக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். பிறகு சாவகாசமாக ஒரு விதி சொன்னார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி யாரை அடிக்கிறோம்னு பேரு சொல்லோணும். சொல்லாம பகடை போட்டா ஆட்டம் கைமாறிரும்."

"இதென்னங்க கூத்து?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எனக்கும் தெரியும். ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஆட்டத்தில்தான் அவருடைய சூது புரிந்தது. எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அவருக்கோ சாமி பெயர். கோயிலில்கூட அந்தச் சாமியை 'அப்பனே' என்று பொதுவாகத்தான் கும்பிட்டு வந்தேன். அப்படிப்பட்டவள் மரவள்ளியை ஏவி அந்தப் பெயர்க்காரரை அடிப்பது எப்படி? அவர் ஆள் மைதானத்தில் கோயில் மாடு மாதிரி திரிந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றேன்.

"ஒருக்கா சொல்லீட்டு அடியேன் கண்ணு" என்பார்.

"நீங்க செயிச்சுக்கங்க. எனக்கொண்ணும் கொறஞ்சு போகாது."

கோபத்தில் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். ஒருநாள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது வழி தெரிந்தது. அடிக்கத்தானே பெயர் வேண்டும்? பக்கத்தில் போய் நிற்பதற்கு எதற்குப் பெயர்? எதிராளியை ஒட்டி நம் ஆள் நின்றால், அவன் அங்கிருந்து நகரப் பகடை போட்டுத்தான் ஆக வேண்டும். பகடை சறுக்கினால் அவனே விழுவான், பந்தும் நழுவும். ஆகவே ஓடுகிறவனைத் துரத்தக் கூடாது, அவன் போகிற வழியில் நிற்க வேண்டும். சாமையை ஒரு பக்கமும் தினையை ஒரு பக்கமும் ஒட்டினாற்போல நிறுத்தினேன். அவர்களைத் தாண்டினாலும் மாட்டுகிற மாதிரி ஒரு கட்டம் தள்ளிப் பலாக்கொட்டையை நிறுத்தினேன். அவர் பகடையை உருட்டினார். அவர் பெயர்க்காரர் குப்புற விழுந்தார்.

பந்து என் கைக்கு வந்தால் ஓடவே மாட்டேன். நாலு மூலைக்கு நாலு குள்ளர்கள், நடுவில் மிளகோடு மரவள்ளி. அந்தக் கூண்டு அப்படியே ஊர்ந்து போகும். பகடை தேவைப்படாத வேலைகளை முதலில் முடித்துக்கொள்வேன். ஆபத்தானதைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். கோட்டுக்குப் பக்கத்தில் போனாலும் சட்டென்று தாண்டுவதில்லை; ஆளுக்கு இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு, அதில் கடைசி முறையில்தான் தாண்டுவேன். சீக்கிரம் கோல் போட்டால் அவருடைய வேகக்காரர்களுக்குத் திருப்பிப் போட நேரம் கிடைத்துவிடுமே. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை ஆனந்தம்.

இப்படி இரண்டு வருஷம் போனது. பேச்சு தானாக வந்துவிட்டது, சண்டையும் சிரிப்பும் வந்துவிட்டன. அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. அவரும் கேட்பதை விடவில்லை. முதலில் விளையாட்டாகக் கேட்டவர், போகப் போக உண்மையான ஆசையோடு கேட்டார். "அம்மா கூப்புடுறா, சிநேகிதனுக கூப்புடுறானுக. நீ கூப்புட்டா எப்படி இருக்கும்னு கேக்கோணும் போல இருக்குது" என்றார் ஒருமுறை. எனக்கு என்னவோ செய்தது. ஆனால் ஆயுசு என்று வந்துவிட்டால் ஆசையாவது ஒன்றாவது.

லாட்ஜ் கைமாறியது. புது முதலாளி ஆட்களைக் குறைத்தார். அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு ஆட்டம் போடலாம் என்று உட்கார்ந்தோம். கடைசி முறை. அவர் பெயர்க்காரர் மிளகோடு என் கோட்டுக்கு அருகில் நிற்கிறார். ஒட்டினாற்போல மரவள்ளி. சும்மா நின்று மறிக்கப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை, அடித்தே ஆக வேண்டும். அடித்தால் அநேகமாக விழுந்துவிடுவார். அவர் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்காவது சொல்லு."

"நாளைக்கு பிளேன் ஏறுற மனுசன் பேரைச் சொல்லச் சொல்றீங்களே, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?"

நான் எங்கோ தள்ளி நின்ற ஒரு ஆளை வேண்டுமென்றே நகர்த்தினேன். அவர் உருட்டிய பகடை சறுக்கவில்லை; கோட்டைத் தாண்டினார், ஜெயித்தார். ஜெயித்தவர் முகமா அது? பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கினார். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அவர் போன பிறகு பேளுக்குறிச்சியில் அவர் அம்மாவிடம், அத்தை வீட்டுக்கு இறங்கிவிட்டேன். வாசலில் நின்றால் மலை தெரியும். அங்கே எங்களுக்கு இப்போது வீடில்லை என்று தெரிந்தும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வாராவாரம் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வார். ஒருமுறை இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் போன் வரவில்லை. அத்தை சாப்பாட்டை விட்டுவிட்டார். இரண்டு பேரும் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அத்தை வெளியே நின்றார். நான் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தங்கியிருந்த இடத்து எண்ணைச் சுழற்றினேன்.

யாரோ ஒரு தமிழ் ஆள் எடுத்தான். "யாருங்க வேணும்?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

சிரித்தான். "இங்க இருக்கறவங்க எல்லாருமே யாரோ ஒருத்தருக்கு ஊட்டுக்காரங்கதாம்மா. பேரைச் சொல்லுங்க."

கொல்லிமலையிலிருந்து வந்தவர் என்றேன், எலெக்ட்ரீசியன் என்றேன், மீசை வைத்திருப்பார் என்றேன். "பேரு சொல்லலைன்னா வெக்கிறேம்மா" என்றான். சொல்லிவிட்டேன்.

"அட, அவரா? இருங்க." ரிசீவரை வைத்துவிட்டு அவன் அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. எத்தனை சுலபமாகக் கூப்பிடுகிறான் என்று பொறாமையாக இருந்தது. முதல்முதலாக அதை முகம் தெரியாத ஒருவனிடம் போய்ச் சொல்லித் தொலைத்தோமே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அவர் ஓடி வந்து எடுத்தார். ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம், அதனால் போன் பக்கமே வர முடியவில்லையாம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றதும் கண்ணாடி வழியாக அத்தைக்குத் தலையாட்டினேன். பிறகு அவர் கேட்டார்.

"ஏன் கண்ணு, பேரு சொல்லாம இங்க ஒருத்தனும் கூப்புட மாட்டானே. என்னன்னு சொல்லிக் கேட்ட?"

அத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு சொன்னேன். வெறும் பெயர். பின்னால் ஒரு 'ங்க'கூடச் சேர்க்கவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, "ஏனுங்க, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கறேன். இரு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாத" என்றார்.

அவர் மூச்சு மட்டும் கேட்டது. எதிரே உட்கார்ந்து அத்தனை நாள் கேட்டபோது வாயைத் திறக்காதவள், பார்க்க முடியாத தூரத்துக்கு அவர் போன பிறகு சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.