பசித்திருந்த குடுவைகள்

நன்னிலத்தருகே பிறர் வயலில் நாற்று நட்டு வாழ்ந்த குடியில் பிறந்த பெண்ணான அம்சம், தஞ்சைக் கல்லூரியொன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியேற்று மூன்றாண்டு ஆகியிருந்தது. நண்பகலில் மற்றவர்கள் ஒன்றாய் அமர்ந்து உண்ண, அவள் மட்டும் தூக்குச் சட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். ஏனென்று எவரும் கேட்டதில்லை.

மாடியில் கண்ணாடிக் குடுவைகள் நின்றன. வயற்சேற்றிலிருந்து பிரித்த நுண்ணுயிர்கள் அவற்றுள் வளர்ந்தன. காற்றுப் புகாமல் அடைத்து வெயிலில் வைத்தால், ஞாயிற்றின் ஒளியை உண்டு ஹைட்ரஜனைக் குமிழ் குமிழாய் விடும். தழைச்சத்துக்குப் பசித்திருக்கும் வரையில்தான் அந்தக் கொடை. பசி தீர்ந்தால் செழித்துச் சிவந்து பெருகுமேயன்றி வாயு தராது. வியாழனன்று ஆய்வுக்கு நிதி தரும் குழு சென்னையிலிருந்து வரும். வாயு எரியக் கண்டால் ஆய்வு தொடரும்; இல்லையேல் அவள் வேலையும் போகும்.

திங்களன்று தந்தை இராஜாங்கம் வந்தார். குத்தகை நிலத்தைவிட்டு அவரை எழுப்ப மிராசுதாரர் தஞ்சை நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. வாய்தா வியாழன் மாலைக்குத் தள்ளிப்போக, மகளிடமே தங்கினார். வயலுக்கென வாங்கிய தழைச்சத்து உரமான யூரியா மூட்டையும் உடனிருந்தது. அன்றே மகளோடு மாடியேறிக் குடுவைகளைப் பார்த்தார்.

"என்ன ஆயி, பயிரு இப்புடி வெளுத்துக் கெடக்கு?"

"இதுக்கு இந்த நெறந்தான் யப்பா." சிரித்தபடி அவள் கீழே போனாள். காரணம் சொல்லவில்லை.

புதனன்று குடுவைகள் செக்கச் சிவந்து நின்றன. குமிழ் ஒன்றுமில்லை.

"பாத்தியா? திங்கக்கெழமையே நாந்தான் மூடியத் தொறந்து ஆளுக்கொரு சிட்டிகை யூரியா போட்டு வுட்டேன். ஒனக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்கா சொல்லு."

அம்சம் ஒரு குடுவையின் மூடியை இறுக்கினாள். "ஆமாம் யப்பா" என்றாள்.

மறுநாள் குழுவினர் சற்று நின்று, கடிகாரம் பார்த்து இறங்கினர். ஆய்வை நடத்திவந்த பேராசிரியர் அமிர்தலிங்கம் பின்தங்கினார்.

"யாராவது இதுல கை வச்சாங்களாம்மா?"

"இல்ல சார். ஊட்டம் கலக்கறப்ப நாந்தான் தப்பு பண்ணிட்டேன்."

"சரி. மாசக் கடைசி வரைக்கும் வந்துட்டுப் போங்க."

மாலையில் நீதிமன்றம் மறுபடியும் வாய்தா போட்டது. பேருந்தில் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, இராஜாங்கம் சன்னல் வழியே கேட்டார்:

"வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"நல்லா செவந்திருக்குன்னாங்க."

"அடுத்த வாய்தாவுக்கு வாறப்ப கொஞ்சம் பொட்டாசு ஒரமும் கொண்டாறேன்."

"கொண்டா யப்பா" என்றாள் அம்சம்.