முதுகில் ஒரு துளை

கத்தியைத் தண்ணீரில் நனைக்கிறான், உதறுகிறான், கீழே வைக்கிறான் தெல்லிஸ். பிறகு சட்டைக் கழுத்தை இழுத்து, தீட்டு அண்டாமலிருக்க மார்புக்குள் மூன்று முறை துப்பிக்கொள்கிறான். காலையிலிருந்து இதே வேலை. எதிரே பிரசவம் காக்கும் தேவி ஆர்த்தெமிஸ், ஒரு சாண் உயர மண் பொம்மையாக, ஈரம் காயாமல், அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

எங்கள் கிரேக்க ஊர் தனாக்ராவில் ஒருத்திக்கு மாதம் ஏறினால் தெல்லிஸுக்குத்தான் ஆள் வரும். முகத்தை அச்சில் எடுப்பான். முதுகுக்குத் தட்டையாக மண் ஒட்டி, நடுவில் கத்தியால் சதுரமாகத் துளைப்பான். துளை இல்லையென்றால் உள்ளே அடைபட்ட நீராவி, சூளையில் தேவியையே வெடிக்கவைத்துவிடும். சேவல் சண்டையைப் பற்றி வளவளத்துக்கொண்டே நாளுக்கு நான்கைந்து முதுகு துளைக்கிறவன், இன்று இந்த ஒரு முதுகில் கத்தி வைக்கவில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன் மனைவிக்கும் இப்படி ஒருத்தியைச் செய்தான். துளை சரி, வேக்காடும் சரி. மகள் மிர்ட்டிஸ் பிறந்தாள். மனைவி உதிரம் நிற்காமல் இறந்துபோனாள். துணி மாற்றி மாற்றி ஓய்ந்த கைகளில், பக்கத்தில் குடம் வனைகிற என் கையும் ஒன்று. தேவியின் முதுகில் தன் கத்தி பட்டதால்தான் என்று அவனுக்குள் பதிந்துவிட்டது. இப்போது பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்த மிர்ட்டிஸுக்கு நாள் நெருங்குகிறது; இந்தத் தேவி அவளுக்கு.

அவன் சூளையில்தான் என் குடங்களும் வேகின்றன. "துளைக்காம வச்சா என் குடமும் சேந்து போயிரும்ணே" என்றேன்.

"குடம் போனா வேற வனையலாம் தங்கச்சி. இவ முதுகுல கத்திய வைக்கச் சொல்லாத."

"வெடிச்சா மட்டும் நல்ல சகுனமா?"

அவன் கத்தியை மறுபடியும் தண்ணீரில் நனைத்தான்.

வயிற்றைத் தாங்கியபடி மிர்ட்டிஸ் வாற்கோதுமை ரொட்டியோடு வந்தாள். பார்த்ததுமே புரிந்துகொண்டு சிரித்தாள்.

"ஊர்ல பாதிப் பேருக்குத் துளைச்சீங்க. எனக்குன்னு வந்தா மட்டும் கை வரலையாப்பா?"

"உங்கம்மாவுக்கும் துளைச்சேன்மா."

அவள் சிரிப்பு நின்றது. "பயமாத்தான்பா இருக்கு எனக்கும். தேவியையும் வெடிக்க விட்டுட்டா வலி எடுக்கறப்ப நான் யாரக் கூப்பிடுவேன்?"

தெல்லிஸ் கத்தியை எடுத்தான், கண்ணை மூடவில்லை. நான்கு வெட்டு. சதுரத் துண்டு உள்ளங்கையில் விழுந்தது. மண்தொட்டியில் எறிய வேண்டியது அது.

மகள் நீட்டிய ரொட்டியை இடக்கையால் வாங்கினான். வலக்கையை அவன் திறக்கவில்லை. விரல்களுக்கு நடுவே ஈரமண் பிதுங்கியது.