சுவர் வைத்து அடைத்த டேப் அறை

நான் கதை கட்டவில்லை. நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் சாவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணினி மையத்தில் எனக்கு வேலை. ஜன்னலே இல்லாத அறை. முன்பெல்லாம் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினி, தரவு பதிந்த ஒரு டேப்பின் எண்ணைச் சொல்லிக் கேட்கும். பக்கத்து டேப் அறையில் இருப்பவர் நடந்துபோய் அதைத் தேடி எடுத்து டிரைவில் மாட்டுவார். இப்போது டேப்பும் இல்லை, ஆளும் இல்லை. அந்த அறையையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். பீரோ அளவு டிஸ்க் பெட்டி ஒன்று, “நான்தான் டேப் டிரைவ்” என்று கணினியிடம் கூசாமல் பொய் சொல்கிறது. கேட்ட ஒரே விநாடியில் “மாட்டியாச்சு” என்று பதில் தரும். மெயின்ஃபிரேம் இன்றுவரை அதை நம்புகிறது, பாவம்.

மதியம் 2:10. கணினி 4417-ஆம் டேப்பைக் கேட்டது. பதில் வர ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆனது.

அடுத்த டேப்புக்கு மூன்று நிமிடம். அதற்கடுத்ததற்கு ஐந்து.

மூத்த ஆபரேட்டர் அண்ணனை ஃபோனில் பிடித்தேன்.

“டேப் வர லேட்டாகுதுண்ணே.”

“டேப்பு எங்கம்மா இருக்கு? பெட்டி நடிக்குது. நடிக்கிறதுக்குக் கால் வலிக்குமா?”

“யாரோ நடந்துபோய் எடுத்துட்டு வர்ற மாதிரி இருக்குண்ணே. ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவா...”

அண்ணனின் சிரிப்பு நின்றது. “மணி அடிச்சியா?”

தாமதமானால் இங்கிருந்து நினைவூட்டல் அனுப்புவது பழைய வழக்கம். அப்போது டேப் அறையில் மணி ஒலிக்கும். இப்போது மணி ஏது? ஆனாலும் பழக்கதோஷம்.

“ரெண்டு தடவை.”

“இனிமே அடிக்காத. நான் வர்றேன்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவதை அழுத்தியிருந்தேன்.

2:31.

சுவருக்குப் பின்னால் மணி அடித்தது.

பிறகு காலடி... சர்ர்... சர்ர்... இழுத்து இழுத்து. இருமல்.

டேப் கேட்டுக்கொண்டிருந்த வேலையை ரத்து செய்யக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். கணினி ஏற்கவில்லை. சுவரில் அடித்தேன். “வெளிய வந்துடுங்க” என்று கத்தினேன். எந்த வழியாக வருவார்? கதவு இருந்த இடத்தில் செங்கல்.

2:36. மூச்சு மட்டும்...

2:37. அதுவும் இல்லை.

திரையில் ஒரு வரி. மாட்டியாச்சு.

மறுநாள் பெட்டியைச் சோதித்த பொறியாளர், 2:10 முதல் அதனிடம் கணினி எதையுமே கேட்கவில்லை என்றார்.

அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன், மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு கசிந்து டேப் அறையில் ஒருவர் இறந்துபோனாராம். அன்றைக்கு என் நாற்காலியில் இருந்தவர் அண்ணன்தான்.

“கதவு பூட்டிக்கிச்சாண்ணே?”

“இல்லம்மா. திறந்துதான் இருந்துச்சு. அவரு செருப்பு ஒண்ணு வாசலுக்கு வெளிய கிடந்துச்சு.”

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மூணாவது மணிக்குத் திரும்ப உள்ள போயிருக்காரு.”