அப்பா நீட்டிய தாள்கள்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு இந்த நினைவு மலரில் அவருடைய பெருமையை மட்டும் எழுதித் தர நினைத்தேன். என் மகள் அனிதாவின் பெயருக்கு வந்திருக்கும் ஒரு கடிதம் அதற்கு விடவில்லை.

அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு காவலாளியின் மகனாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மன்னார்புரத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார். பிறகு அதே சாலையில் சொந்தக் கடை வைத்தார். அது டிபார்ட்மென்டல் ஸ்டோராக வளர்ந்து, திருவெறும்பூரிலும் திருவானைக்காவலிலும் கிளை விட்டது. பில் போடும் பெண்கள் நாளெல்லாம் நிற்கக் கூடாது என்று நாற்காலி போட்டுக் கொடுத்தவர் அப்பா. பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரும்வரை அந்த வேலையை வேறு யாருக்கும் தரமாட்டார்.

ஒவ்வொரு கடையையும் பங்குத்தந்தை மந்திரித்துத் திறந்துவைப்பார். தீர்த்தம் தெளித்த ஈரம் காய்வதற்குள், பில் மேசையில் வைத்து அப்பா நீட்டும் தாள்களில் குடும்பமே கையெழுத்திட வேண்டும். அது அவர் ஏற்படுத்திய வழக்கம். நின்று படித்தால் அவரை நம்பாதது போலாகிவிடும் என்று நாங்கள் யாரும் படித்ததில்லை. ஆடிட்டர் தயாரித்தது என்று அவரும் படித்ததில்லை.

பில் போடும் விக்டோரியா அக்கா ஒருமுறை கேட்டேவிட்டார். "முதலாளி, நம்ம கடைக்கு வர்றவங்க அப்பள பாக்கெட்டையே திருப்பித் திருப்பிப் படிக்கிறாங்க. நீங்க இவ்வளவு பெரிய கட்டைப் படிக்காமப் போடுறீங்களே!"

"அப்பளம் கெட்டுப்போகும்மா. ஆடிட்டர் கெட்டுப்போவாரா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம்.

ஸ்ரீரங்கத்தில் நான்கு மாடிக் கடை திறந்த அன்று கையெழுத்திட்ட தாள்கள், எல்லாக் கடைகளையும் ஒரே தாய்க் கம்பெனியின் கீழ் கொண்டுவந்தன. ஒரு கடை நொடித்தால் மற்றவையும் அதற்குப் பொறுப்பு. அப்போதுதான் பதினெட்டு வயது முடிந்திருந்த அனிதாவையும், "பேத்தி இல்லாமலா?" என்று கூப்பிட்டு இயக்குநர்களில் ஒருத்தியாக்கினார். "போடு, தாத்தா காத்திருக்காரு" என்று அவளை அவசரப்படுத்தியவள் நான்.

ஸ்ரீரங்கம் கடைக்குக் கூட்டம் வந்தது. மேல் மாடிகளுக்குத்தான் யாரும் ஏறவில்லை. கடன் கட்ட முடியாமல் அது நொடித்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த திருவெறும்பூர்க் கடைக்கும் சீல் வைத்தார்கள். அரிசி இறக்க வந்த லாரி வாசலிலிருந்தே திரும்பிப் போனது. அதைப் பார்த்துவிட்டு வந்து படுத்த அப்பா பிறகு எழவில்லை.

மருத்துவமனையில், அந்தத் தாள்களைப் படித்துக் காட்டச் சொன்னார். மூன்று நாள் படித்தேன். அனிதாவின் பெயர் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பாப்பா படிச்சுட்டா போட்டுச்சு?"

"இல்லப்பா. நீங்க நீட்டுனீங்க, போட்டுட்டா."

"அவளை வெளிய எடுத்துடும்மா."

ஆடிட்டரைக் கேட்டேன். காலம் கடந்துவிட்டது என்றார். அப்பாவிடம் போய், "எடுத்தாச்சுப்பா" என்றேன். அந்த வாரமே அவர் கண்மூடினார். நான் சொன்னது பொய் என்பதை இந்த மலரில்தான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

இப்போது கம்பெனியைக் கலைக்கும் அதிகாரி அனிதாவை விசாரணைக்கு அழைத்திருக்கிறார். அடுத்த மாதம் போக வேண்டும். அவள் மேல் குற்றம் என்று முடிவானால், படித்து முடித்து எங்கே வேலைக்குப் போனாலும் அது அவளுக்கு முன்னால் போய் நிற்கும். வாசலில் தபால்காரர் குரல் கேட்டால் என்னால் சமையலறையை விட்டு நகர முடிவதில்லை.

"படிக்காமப் போட்டேன்னு உண்மையைச் சொல்லிடுறேம்மா. நீங்க வெளிய உக்காருங்க, போதும்" என்கிறாள். அந்த உண்மை அவளைக் காப்பாற்றுமா, சிக்கவைக்குமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

அப்பாவைக் கடைசிவரை கவனித்த செவிலியர்களுக்கும், வேலை போன பிறகும் வந்து அவர் சவப்பெட்டியைச் சுமந்த கடை ஊழியர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைத்த விக்டோரியா அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கும்போது அனிதாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். நினைவுத் திருப்பலியில் உயிரோடிருப்பவர் பெயரையும் சேர்க்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்கம்மா" என்று பெயர் எழுதும் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். இறந்தவர்கள் பட்டியலில், அப்பா பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவரே நோட்டை வாங்கி, வேறொரு பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

— மகள்