கைக்கு வரும் அறிவியல்

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டி மேல் சாய்ந்து நிற்கிறார் பிரிஸில்லா. இரண்டு கைகளும் காற்றில் எதையோ திறந்து திறந்து மூடுகின்றன. எதிரே கரும்புச்சாறு பிழிகிறவருக்கு இது பழகிப்போன காட்சி. புதிதாகப் பார்க்கிறவர்கள்தான், நல்லா இருந்த பொம்பளைக்கு என்ன ஆச்சோ என்று கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார்கள்.

“பேரு வேண்டாம் மேடம். பேர வச்சு நான் என்ன செய்ய? அது அங்கன என்ன செய்யுது, அதச் சொல்லுங்க.”

மறுமுனையில் டாக்டர் அஸீலா. மேலப்பாளையத்தில் பிறந்தவர், பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பிறவியிலேயே காது கேளாமல் போவதற்குக் காரணமான மரபணுக்களை ஆராய்கிறார். பிரிஸில்லா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆய்வாளரைக் கூட்டி வந்து பேசவைக்கும் கூட்டத்துக்கு இந்த முறை வரப்போகிறவர் அவர்தான். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காது கேட்காது. ஆய்வாளர் சொல்வதைப் பிரிஸில்லா சைகை மொழியில் சொல்வார். அவர்கள் சைகையில் கேட்பதைக் குரலில் சொல்வார். அதற்கு முன்னால் விஷயம் அவருக்கே விளங்கியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் போன். ஒரு கூட்டத்துக்கு இப்படிப் பல போன் நடக்கும். நாலாவது போனில் எந்த விஞ்ஞானிக்கும் பொறுமை போய்விடும் என்று, இவரைப் பற்றி எழுத வந்த நான் நினைத்தது உண்டு. அது தப்பு. நாலாவது போனில்தான் அவர்களுக்கே சுவாரசியம் தட்டுகிறது.

“காதுக்குள்ள ஒரு ஜீன் பழுதாயிருது, அதனால...” என்று அஸீலா ஆரம்பித்ததும் பிரிஸில்லாவின் கைகள் நின்றுவிட்டன.

“பழுதுன்னா சொல்லுதிய? எங்க அப்பா பழுது, எங்க அம்மா பழுதுன்னு நான் எப்பிடிக் கையில காட்டுவேன்? வேற மாதிரி சொல்லுங்க மேடம். நான் நிக்கேன், யோசிச்சுச் சொல்லுங்க.”

அஸீலா யோசித்தார். உள்காதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே நுண்ணிய வழிகள் உண்டு. உப்புகள் அவற்றின் வழியாகப் போய்வர வேண்டும். சிலருக்கு அந்த வழி திறப்பதில்லை என்றார். “மடை மாதிரியா?” என்று கேட்டார் பிரிஸில்லா. மடை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் போவது தண்ணீர் இல்லை, உப்பு என்று பதில் வந்தது. “உப்ப நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கைகளைத் தூக்கினார்.

பிரிஸில்லாவின் அப்பா, அம்மா இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. படித்தது பி.காம். வேலை, மருந்துக்கடையில் பில் போடுவது. விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் அதுவரை எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. கொரோனா வந்தது, ஊரே முகக்கவசம் மாட்டிக்கொண்டது, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் அடைத்துப்போனது. சீவலப்பேரியிலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் காது கேளாதவர்கள் மருந்துக்கடையைத் தேடி வந்து, ஊசி போட்டால் செத்துப்போவோமா என்று கையால் கேட்டார்கள். பிரிஸில்லாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல மனமும் வரவில்லை. வைரஸ் ஆராய்ச்சி செய்யும் ஒருவரின் நம்பரை எப்படியோ பிடித்துக் கூப்பிட்டார். அன்று மாட்டியவர்தான் முதல் ஆள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர், கூட்டம் நடக்கிற டியூஷன் சென்டரின் மாடி ஏறி வந்துவிட்டார்கள். வருகிறவர்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. பேசிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பக் கூடாது. ஜன்னலுக்கு முன்னால் நிற்கக் கூடாது, முகம் இருட்டடித்துவிடும். பிரிஸில்லாவைப் பார்த்துப் பேசக் கூடாது, யாருக்குச் சொல்கிறோமோ அவர்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நட்சத்திரங்களைப் பற்றிப் பேச வந்த ஒரு பேராசிரியருக்கு மேலுதடு தெரியாத அளவுக்கு மீசை. “சார், கோவிச்சுக்கிடாதிய, மீசையக் கொஞ்சம் கொறைச்சுட்டு வந்தா நல்லா இருக்கும். வாய் தெரிய மாட்டக்கு” என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். பாவம், மனிதர் குறைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று மழை பிடித்து மின்சாரமும் போய்விட, ஆளுக்கொரு போன் வெளிச்சத்தைப் பிரிஸில்லாவின் கைமேல் அடித்துக்கொண்டு பால்வீதியைப் பார்த்து முடித்தார்கள்.

யார் தலையாட்டினாலும் பிரிஸில்லா நம்புவதில்லை. “காது கேக்காதவங்க ரொம்ப மரியாதக்காரங்க சார். ஒண்ணும் வெளங்கலன்னாதான் சீக்கிரம் தலையாட்டுவாங்க. எங்க அப்பாவும் அப்பிடித்தான்.” அதனால் ஒவ்வொரு விஷயத்தையும் முதலில் வீட்டில் அப்பாவிடம் சொல்வார், அப்பா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வரவில்லை என்றால் மறுபடியும் ஸ்கூட்டி, மறுபடியும் ஹெல்மெட், மறுபடியும் விஞ்ஞானி.

அஸீலாவை அழைத்ததற்குக் காரணம் ஸ்வீட்லின். தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் இந்தப் பெண்ணுக்கும் லேத் பட்டறையில் இருக்கும் ஜாபேஸுக்கும் காது கேட்காது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். ஸ்வீட்லினின் அம்மா எலிசபெத், முக்கூடலில் பள்ளி ஆசிரியை. அவர் சம்மதிக்கவில்லை. பிறக்கும் பிள்ளைக்கும் காது கேட்காமல் போய்விடும் என்பது அவர் பயம். அது நிஜமா என்று போன மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள் ஸ்வீட்லின். “தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வாரேன்” என்றார் பிரிஸில்லா.

அந்த ஞாயிற்றுக்கிழமை எலிசபெத் டீச்சரும் வந்திருந்தார். மகள் இருக்கும் கூட்டத்துக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. சைகை அவருக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே மகளை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டார். சாப்பாடு, தூக்கம், துணிமணி, இவ்வளவுதான் இருவருக்கும் இடையே ஓடுகிற பேச்சு. பிரிஸில்லாவின் நாற்காலிக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாற்காலி எனக்கு.

அஸீலா பெயர் எதையும் சொல்லாமல் மடையைச் சொன்னார். காதுக்குள் நூற்றுக்கு மேல் மடைகள். ஒவ்வொரு மடைக்கும் சாவி இரண்டு. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. பெரும்பாலும் இரண்டில் ஒன்று திறந்தாலே போதும். பிரிஸில்லாவின் உள்ளங்கைகள் வாய்க்காலாயின, விரல்கள் மடையாயின. உப்புக்கு, விரல்நுனிகளைத் தேய்த்துக் குழம்பில் தூவுவது போல ஒரு சைகை. அறையில் சிரிப்பு.

ஜாபேஸ் எழுந்து கேட்டான். பிரிஸில்லாவின் வாய்வழியாக அது வந்தது: “எனக்கும் அவளுக்கும் ஒரே மட அடச்சிருந்தா?”

“பொறக்குற பிள்ளைங்க எல்லாருக்கும் அந்த மடை திறக்காது” என்றார் அஸீலா. “ரெண்டு பேருக்கும் வேற வேற மடைன்னா, அவருகிட்ட இல்லாத சாவி இவங்ககிட்ட இருக்கும். பிள்ளைக்குக் காது கேக்க நெறைய வாய்ப்பு உண்டு. எந்த மடைன்னு ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். பாக்காம நான் எதையும் சொல்ல முடியாது.”

அப்போதுதான் எலிசபெத் டீச்சர் பிரிஸில்லாவின் காதருகே குனிந்தார். “சோதன கீதனன்னு இழுக்க வேண்டாம் பிரிஸில்லா. பொறக்குத பிள்ளைக்கும் கேக்காதுன்னே சொல்லிரு. மனசு மாறிருவா. இவள வச்சு நான் பட்டது போதும்.”

பிரிஸில்லாவின் கைகள் நிற்கவில்லை. அஸீலா சொன்னதை முழுக்கச் சொல்லி முடித்தன. பிறகு எலிசபெத் டீச்சரைச் சுட்டிக்காட்டி, அவர் முணுமுணுத்ததையும் ஒரு சொல் விடாமல் சொல்லின. அறையில் இருந்த முகங்கள் எல்லாம் டீச்சர் பக்கம் திரும்பின.

“என்ன பிரிஸில்லா, அதையும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் டீச்சர். இங்கன பேசுதது எல்லாம் அவங்களுக்கும் உள்ளதுதான்.”

எனக்கே அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது. ஒரு தாய் வேதனையில் ரகசியமாகச் சொன்னதை இப்படிச் சபையில் வைக்கலாமா என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் உறைத்தது: ஸ்வீட்லினின் முகத்துக்கு நேராகவே அவளுடைய கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்தோம், அவளுக்குக் கேட்காது என்ற ஒரே தைரியத்தில். கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவன் நானும்தான். வெட்கமாக இருந்தது.

ஸ்வீட்லின் எழுந்தாள். கைகள் வேகமாகப் போயின. பிரிஸில்லா அவள் குரலானார்.

“யம்மா, ரத்தம் குடுத்துப் பாக்கோம். கேக்கும்னு வந்தாலும் சரி, கேக்காதுன்னு வந்தாலும் சரி, நாங்க கட்டிக்கிடுவோம். கேக்காத பிள்ள பொறந்து அது அழுதா, ஏன் அழுதன்னு நான் கையில கேப்பேன். அது எனக்குப் பதில் சொல்லும். சின்னதுல நான் அழுதப்ப நீங்க கேட்டது எனக்கு வெளங்கல. நான் சொன்னது உங்களுக்கும் வெளங்கல.”

பிரிஸில்லாவின் குரல் எங்கும் தடுமாறவில்லை. எலிசபெத் டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நாற்காலியில் திரும்பி, பிரிஸில்லாவின் முகத்தைப் பார்த்து, “அவகிட்ட சொல்லு...” என்று ஆரம்பித்தார்.

பிரிஸில்லா வலது கையை நீட்டி ஸ்வீட்லினைக் காட்டினார்.