ஆர்க்கிட்டுக்குப் போட்ட ஓ.டி.

வசந்தாவின் கணுக்காலில்தான் முதலில் தெரிந்தது. ஷிப்டு முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றினால், அதன் விளிம்பு பதிந்த பள்ளம் படுக்கப் போகும்வரை மறையாது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் வீங்குவது சகஜம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் இருந்தாள். நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகன். முடியளவு கீறல் இருந்தாலும் பாகத்தை ஒதுக்கி வைக்கிறவன். கட்டிய மனைவியின் வீக்கத்தை மட்டும் மூன்று மாதம் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

முகமும் வீங்கிய பிறகுதான் ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்று பொருள்) பல மடங்கு ஏறியிருந்தது.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சும்மா. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர்.

டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பிச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுவது) வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும். இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) போட்டார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. ஒரு நாளைக்கு டீ, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர்தான். என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்றேன். பத்து வருடச் சர்க்கரைக்காரன், வேண்டாம் என்றுவிட்டார்கள். தானத்துக்காகப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

வேலையை விட்டவளுக்கு வீட்டில் மிச்சமிருந்தது ஓர் ஆர்க்கிட். அவளோடு லைனில் இருந்த அசாம் பெண் ஊருக்குத் திரும்பும்போது, இருங்காட்டுக்கோட்டை அறையின் ஜன்னலில் வளர்த்த செடியிலிருந்து வேரோடு ஒரு கன்றைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வசந்தா அதை மண்ணில்லாமல் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் தேங்காய் மட்டையும் போட்ட தொட்டியில் வைத்து, பால்கனிக் கம்பியில் மாட்டியிருந்தாள். என்ன நிறத்தில் பூக்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க மறந்துவிட்டாள். "பூத்தாத்தான் தெரியும்" என்பாள். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் வாய்விட்டுச் சொன்ன ஆசை.

தொட்டியைத் தூக்குவது என் வேலையாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் உத்தரவு போடுவாள். முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைக்க வேண்டும். காய்ந்த வேரில் உரம் பட்டால் கருகிவிடும். அப்புறம் ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை உரம், வாரத்துக்கு ஒரு முறை. நாலாவது வாரம் உரமே கிடையாது, தங்கிய உப்பு போகும்படி தண்ணீரை மட்டும் ஊற்றி அலச வேண்டும். தண்டு பருத்து முற்றிய பிறகு தழைச்சத்தைக் குறைத்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடிய உரத்துக்கு மாற வேண்டும். தண்ணீரைக் குறைத்து, காலை வெயிலைக் கூட்ட வேண்டும்.

"அது பசியில இருந்தாத்தான் பூக்கும். ரொம்பக் குடுத்தா வெறும் இலையா வுட்டுக்கினு சும்மா நிக்கும்" என்பாள்.

இரண்டாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்திருந்தார்கள்.

"ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு சார். நாள் கணக்கு சொல்ல முடியாது. மனச தயார் பண்ணிக்கங்க."

மனசைத் தயார் பண்ண எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கம்பெனிதான். லோடு போக வேண்டிய தேதி நெருங்கி, சரக்கு முடியாமல் கிடந்தால் என்ன செய்வோம்? ஓ.டி. போடுவோம், ஷிப்டு முடிந்தும் கூடுதல் நேரம் ஓட்டுவோம். அதையே செய்தேன். வசந்தாவை டயாலிசிஸில் விட்டால் நாலு மணி நேரம் ஆகும். சமைக்க வீட்டுக்கு வரும் அந்த இடைவெளியில், அவளுக்குத் தெரியாமல், பூக்க வைக்கும் உரத்தை ஒரு ஸ்பூன் நிறையக் கரைத்து ஊற்றினேன். வாரம் இரண்டு முறை, ஐந்து வாரம். அலசவும் இல்லை. அவள் கண்ணை மூடுவதற்குள் ஒரு பூ, அவ்வளவுதான் என் கணக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

இலை நுனிகள் கருத்தன. கரித்துண்டு மேல் வெள்ளையாக ஏதோ படிந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா செடியைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். வேரைத் தொட்டாள். பச்சையாக இருக்க வேண்டிய முனை பழுப்பாகி அவள் விரலில் பிசுபிசுத்தது.

"இன்னாங்க இது? உப்பா பூத்துக் கீது. எவ்ளோ போட்டீங்க?"

"ஒரு ஸ்பூன்."

"எத்தினி நாளா?"

சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டாக்டர் வராண்டாவில் சொன்னது அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமலே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"செடிக்கும் ஓ.டி.யா? நல்ல ஆளு நீங்க" என்று சிரித்தாள். அப்புறம், "கேன் தண்ணி எடுத்துக்கினு வாங்க. போர் தண்ணிலயும் உப்புதான். மெதுவா ஊத்துங்க" என்றாள்.

இரண்டு கேன் குடிதண்ணீர். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். தொட்டியின் ஓட்டைகள் வழியாக அது பக்கெட்டில் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவள் பங்கில் மிச்சம் ஒரு டம்ளர்தான். உதடு வெடித்திருந்தது. முதல் கேன் தீர்ந்ததும் போதுமா என்றேன்.

"இன்னும் ஊத்துங்க. அதுவாவது குடிக்கட்டும்."

என்னால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே ஊற்றி முடித்தேன்.

அழுகிய வேர்களைக் கத்தரித்தோம். இரண்டு மாதத்துக்கு உரம் கிடையாது என்றாள். இந்த வருடப் பூ போனது போனதுதான். ஏழாவது வாரம் தண்டின் அடியில் அரிசி நுனி அளவு ஒரு புது வேர் பச்சையாக எட்டிப் பார்த்தது. எங்கள் மகள் நித்யாவைக் கல்லூரிக்குக் கிளம்பவிடாமல் நிறுத்தி அதைக் காட்டினாள்.

அதன்பிறகு ஒரு மாதம் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நடுவிலேயே ரத்த அழுத்தம் இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். திங்கட்கிழமை மத்தியானம் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர் ஒருவேளை என்னைப் போல ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். அவர்களுக்கு மிச்சமிருக்கும் நாட்களை முந்திக்கொண்டு நீங்கள் ஓடாதீர்கள். நான் பேசாமல் சிட்டிகை உரத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பருவத்திலேயே பூத்திருக்குமோ, அவள் பார்த்திருப்பாளோ என்று இன்றைக்கும் மனசு அரிக்கிறது. பூத்திருக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. என் உடம்புக்கு மட்டும் அது எட்டவில்லை. மற்ற நாட்களில் அலாரம் அடித்தாலும் எழாதவன், செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணிக்குத் தானாக விழித்துக்கொள்கிறேன். எழுந்து சட்டை போட்டு, வண்டிச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் போக வேண்டிய இடம் இல்லை என்று உறைக்கிறது. என் தாகமும் சின்னதாகிவிட்டது. அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் உள்ளே இறங்க மறுக்கிறது. வாரம் ஒரு சிட்டிகை, நாலாவது வாரம் அலசல் என்பதை மட்டும் தவறவிடவில்லை. எனக்குப் பூ வேண்டியிருக்கவில்லை. பூந்தண்டு நீண்டபோது, இப்போது எதற்கு என்று அதன் மேல் கோபம்கூட வந்தது.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை, கையில் சாவியோடு பால்கனிக் கதவைத் திறந்தேன். முதல் மொட்டு விரிந்திருந்தது. வெள்ளை, உள்ளே மட்டும் கத்தரிப்பூ நிறம்.

"வசந்தா! இங்க வந்து பாரு, வெள்ளை!"

தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் எனக்கே கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நித்யாவிடம் பேசும்போது "அம்மா" என்பேன். சொந்தக்காரர்களுக்கு அவள் "அது" ஆகிவிட்டிருந்தாள்.

நித்யா தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்து என் பின்னால் நின்றாள். பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தெரியாம கூப்ட்டேன்மா" என்றேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ப்பா நிறுத்திட்ட? இன்னொரு வாட்டி கூப்புடு."

கூப்பிட்டேன்.