திரும்பி வந்த ரத்தப் பை

ஷைனி வர்கீஸின் விரல்கள் தான் எழுதிய மென்பொருளில் அதே ரத்தப் பையைச் சோதனைக்காகத் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டிருந்தன. வார்டுக்கு அனுப்பின. பயன்படாமல் திரும்பியது என்று குறித்தன. கையிருப்பைத் திறந்து பார்த்தன. ஒவ்வொரு முறையும் திரை ஒன்றையே சொன்னது: புதிய பை. அது புதியதல்ல, நாளையோடு காலாவதியாக வேண்டியது. வார்டுக்குப் போய்த் திரும்பியதும் இன்றுதான் வந்ததுபோல் அதன் நாள்கணக்கு முதலிலிருந்து ஓடியது. விரல்கள் விசைப்பலகையை விட்டு மடியில் வந்து கிடந்தன.

ஷைனி கண்ணாடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். அவளுடைய வேலையைக் குறிக்கும் மஞ்சள் சீட்டு 'முடிந்தது' கட்டத்தில் இருந்தது. அன்று காலை அவளே ஒட்டியது.

கொச்சியை ஒட்டிய காக்கநாட்டில் அந்த நிறுவனம் 'அஜைல்' முறைக்கு மாறிக் கொஞ்ச காலமாகிறது. மென்பொருளை மொத்தமாகச் செய்து கடைசியில் கொடுக்காமல், சின்னச் சின்னத் துண்டாக முடித்து வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். இந்த முறை வாடிக்கையாளர் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி. தினமும் காலையில் சுவர் முன்னால் நின்றபடி ஆளுக்கு மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதும் உண்டா.

மூன்றாவது கேள்விக்கு அங்கே எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல சார்." ஸஜன் என்றொருவன் தொடர்ந்து சில காலைகள் "மாட்டிக்கிட்டேன், நகரல" என்று சொன்னான். குழுத் தலைவர் ஹரிதாஸ் திட்டவில்லை. கேட்டுக்கொண்டே கைபேசியில் ஏதோ தட்டினார். கொஞ்ச நாளில் ஸஜனின் நாற்காலி காலியானது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாரும் துணியவில்லை. அதன்பின் வேலை பாதியில் இருந்தாலும் சீட்டு வலக்கோடியில் உள்ள 'முடிந்தது' கட்டத்துக்குப் போய்விடும். மிச்சத்தை ஓசைப்படாமல் முடித்துக்கொள்வார்கள்.

ஷைனியும் அதைத்தான் செய்திருந்தாள். ஆனால் இதை ஓசைப்படாமல் முடிக்க முடியாது. திரும்பிய பையை ரத்த வங்கியில் என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மருத்துவமனையைக் கேட்க வேண்டும், ஹரிதாஸ் வழியாகத்தான் கேட்க முடியும்.

"என்ன சேச்சி, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" பால் விடாத கட்டன் சாயாவோடு வந்தான் நபீல். கையிருப்புக் கணக்கு அவன் பொறுப்பு. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"படைச்சவனே! இதை யாருக்காவது ஏத்தினா..." குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் காட்டிட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாம் சேச்சி."

"திங்கக்கிழமையே உபயோகிக்க ஆரம்பிச்சிடுவாங்கடா."

"அப்ப சொல்லப் போறீங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. ஸஜன் நாற்காலி தனியா நிக்குது, பாவம், துணைக்கு ஒண்ணு கிடைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஷார்ஜாவில் வேலை போய்த் திரும்பிய கணவன் ராய் வீட்டில் இருக்கிறான். இப்போது குடும்பம் அவள் வேலையில்தான் ஓடுகிறது. நாற்பதைத் தாண்டியவளை வேறு யார் கூப்பிடுவார்கள்?

மறுநாள் காலை சுவர் முன்னால் அவள் முறை வந்தது.

"நேத்து என் சீட்டை முடிஞ்சதுல வெச்சேன் சார். அது முடியல." சீட்டைப் பிய்த்து நடுக் கட்டத்தில் அழுத்தினாள். "தடை உண்டு. திரும்பி வர்ற பையைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. பழைய ரத்தத்தைப் புதுசுன்னு காட்டுது."

ஹரிதாஸின் கைபேசி பாதித் தூரத்தில் நின்றது. "வெள்ளிக்கிழமை முழுசையும் காட்டறோம்னு மேல சொல்லியாச்சு ஷைனி." குரல் மெலிந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. இவரும் யாருக்கோ பயப்படுகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஆறுதலாக இல்லை. பயந்தவர்கள்தான் அடுத்தவரைத் தள்ளிவிடுவார்கள்.

"சார்," என்றான் நபீல், தரையைப் பார்த்தபடி. "என்னோட கணக்கும் கொஞ்சம் பாக்கி..."

"கொஞ்சம்னா?"

"பாதி சார்."

யாரோ சிரித்து, பாதியில் விழுங்கினார்கள்.

"இதுல நிஜமா முடிஞ்சது எது? பயப்படாம சொல்லுங்க" என்றார் ஹரிதாஸ். அது எல்லோரையும் இன்னும் பயமுறுத்தியது. பிறகு ஒரு கை நீண்டது, இன்னொன்று. சீட்டுகள் இடப்பக்கம் நகர்ந்தன. வலக்கட்டம் ஏறக்குறைய வெறும் கண்ணாடியாயிற்று.

"எல்லாத்தையும் காட்ட வேண்டாம் சார்," ஷைனிக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. "பை வர்றது, போறது, திரும்பறது. அந்த ஒண்ணை மட்டும் முழுசா முடிப்போம். ரத்த வங்கி சிஸ்டரை இன்னிக்கே கேட்கணும்."

ஹரிதாஸ் கைபேசியைத் தூக்கினார். ஸ்பீக்கரில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ரத்த வங்கியை அழைத்தார்.

"திரும்பின பையா?" என்றார் சிஸ்டர் பிலோமினா. "தேதி எப்படிங்க மாறும்? ரத்தத்துக்கு ரெண்டு பிறந்தநாளா? ரொம்ப நேரம் குளிர் இல்லாம வெளிய கிடந்தா உள்ளேயே எடுக்க மாட்டோம். அதென்ன, இதை இப்பத்தான் கேட்கறீங்க?"

"முன்னாடியே கேட்டிருக்கணும் சிஸ்டர்," என்றார் ஹரிதாஸ்.

ஷைனியும் நபீலும் ஒரே திரைமுன் உட்கார்ந்தார்கள். சந்தேகம் வந்தபோதெல்லாம் சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். வேலை நகர்ந்தது. ஆனால் ஹரிதாஸ் அவளிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கைபேசியை எடுக்கும்போதெல்லாம் அவள் தட்டச்சு நின்றது. ராயிடமும் அவள் நடந்ததைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ரத்த வங்கியிலேயே கூடினார்கள். மருத்துவமனை நிர்வாகி ஒருவரும் வந்திருந்தார். "முழுசும் தயார்தானே?"

ஹரிதாஸ் ஓரடி முன்னால் வந்தார். ஷைனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பெயர் வரப்போகிறது என்று மட்டும் தெரிந்தது.

"இல்ல சார். ஒரு பகுதிதான் தயார். எது முடியலன்னு ஷைனி சொல்லுவாங்க. எங்க குழுவுல இனிமே முதல்ல அதைத்தான் சொல்றது."

அவள் எழுந்தாள். முடியாதவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிர்வாகியின் புருவம் ஏறியது. சிஸ்டர் ஓர் உண்மையான பையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, "அதெல்லாம் இருக்கட்டும். முடிஞ்சதைக் குடு மோளே" என்றார்.

சிஸ்டரே பதிந்து பார்க்கட்டும் என்று ஷைனி ஒதுங்கி நின்று, திரைமுன் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.